விட்டவன் கை

தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துருச்சு. பக்கத்து சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு காதைப் பொத்திக்கவா முடியும்? "மாமாவுக்கு வயசாகுதுல்ல, கொஞ்ச நாள்ல தானா விட்டுருவாரு"ன்னு வீட்டுக்காரம்மாவுக்கு ஆறுதல் சொன்னீங்க பாருங்க, அதைக் கேட்டேன். குடியைத்தானே சொன்னீங்க?

விடுவாரு. நான் இல்லேங்கலை. வயசானா சில பேரு விடத்தான் செய்றாங்க. அதுதான் தம்பி என் வயித்தெரிச்சலே.

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னல் கம்பியில தலையைச் சாய்ச்சுத் தூங்குறாரு பாருங்க, பச்சைத் துண்டு. எங்க அண்ணன். கூடப் பொறந்தவர் இல்லை, பெரியப்பா மகன். பங்காளி. பேரு சோணைமுத்து. மானாமதுரையில வண்டி கிளம்பி பாலம் தாண்டலை, அதுக்குள்ள தூங்கிட்டான். நேர்ல அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். தூங்குறப்ப அவன்தான்.

அவன் எப்படி விட்டான்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் எப்படி விட்டேன்னு சொல்லணும். இல்லேன்னா உங்களுக்கு நியாயம் விளங்காது.

எனக்கு வயரிங் வேலை. புது வீட்டுக்குக் கரண்ட் இழுக்கிறது, பழைய வீட்டுல ஃபேன் மாட்டுறது, மோட்டார் கனெக்ஷன், இப்படி. இருளாண்டின்னா எங்க சுத்துவட்டாரத்துல தெரியும். காலையில கொஞ்சம் ஊத்தலேன்னா கை நடுங்கும். ஸ்க்ரூ டிரைவர் ஆணி மேல நிக்காது, சுவர்ல போயி கோலம் போடும். ஊத்துனா நிக்கும். அப்ப வேலைக்காகத்தானே குடிச்சேன்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஒருநாள் மெயினை அணைச்சுட்டோம்னு நினைச்சுக் கையை வச்சேன். அணைக்கலை. தூக்கி எறிஞ்சதுல அந்த வீட்டு அரிசி மூட்டை மேல போயி விழுந்தேன். மூட்டை இருந்ததால இன்னைக்கு உங்ககிட்டப் பேசிட்டிருக்கேன்.

அதுக்கப்புறம்தான் மதுரையில ஆஸ்பத்திரியில சேர்ந்தேன். கட்டிலோட கட்டிப் போட்டாங்க தம்பி. சுவர் பூரா எறும்பு ஊர்ந்துச்சு. இல்லாத எறும்பு. "நசுக்குங்கடா, காதுக்குள்ள போகுது"ன்னு கத்துனேனாம். வெளிய வந்தப்புறம் அதைவிட மோசம். கடை இருக்கிற தெருவழியா போறதில்லை, கண்மாய்க்கரையைச் சுத்திக்கிட்டு வேலைக்குப் போவேன். கல்யாண வீட்டுல தாலி கட்டுனதும் பந்திக்கு நிக்காம ஓடியாந்துருவேன். பையில எப்பவும் கல்கண்டு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரமாச்சுன்னா நாக்குல தானா தண்ணி ஊறும். இன்னைக்கும் ஊறும். இத்தனை வருஷமாச்சு, ஒரு சாயங்காலம்கூட எனக்கு லேசாப் போனதில்லை.

இப்படி விட்டவனை ஊரு என்ன சொல்லணும்? சொல்லுங்க.

"பூமயில் செஞ்ச புண்ணியம்"னு சொல்லுச்சு. பூமயில் என் வீட்டுக்காரி. "மாத்திரை குடுத்துருக்காங்கப்பா, குடிச்சா வாந்தி வருமாம், அதான் பயந்து கிடக்கான்"னு சொல்லுச்சு. அந்தப் புண்ணியவதி இருக்காளே, நான் வாசல்ல செருப்பைக் கழட்டுறப்பவே பக்கத்துல வந்து வாயை மோந்து பார்ப்பா. ஏன்டி இன்னும்னு கேட்டா, பழகிப்போச்சும்பா. எனக்குப் பழகுனதை நான் விடணும், அவளுக்குப் பழகுனதை அவ விடமாட்டா.

இப்ப அந்தப் பச்சைத் துண்டுக்கு வருவோம்.

செங்கல் சூளை வச்சிருந்தான். நான் குடிச்சதெல்லாம் அவன் குடிச்சதுல சிந்துனது. சூளையில தீ போட்டா அணையிற வரைக்கும் அவனும் அணையமாட்டான். மதினி அழுது பார்த்துச்சு, பிள்ளைங்க பேசாம இருந்து பார்த்துச்சுங்க, ஒண்ணும் நடக்கலை. அப்புறம் சூளை மகன் கைக்குப் போச்சு. இவனுக்கு அறுபது தாண்டுச்சு. மூணு வேளை ஊத்துனவன் ரெண்டு வேளை ஆனான். அப்புறம் ராத்திரிக்கு மட்டும். அப்புறம் யாராவது கூப்பிட்டா மட்டும். யாரும் கவனிக்கலை. அவனே கவனிக்கலை தம்பி, அதைத்தான் சொல்ல வர்றேன்.

அவன் பேத்திக்குக் காதுகுத்து. பந்தலுக்குப் பின்னாடி வழக்கம்போல ஏற்பாடு நடக்குது. இவன் பங்கை ஒருத்தன் டம்ளர்ல கொண்டாந்து நீட்டுறான். "வேண்டாம்யா, கசக்குது. சாப்பிட்டுப் படுக்கணும்"னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் பந்திக்குப் போறான். நான் பின்னாடியே ஓடுனேன்.

"எப்பண்ணே விட்டே?"

"எதை?"

"இதைத்தான்ணே."

மேல பார்த்தான். பந்தல் ஓலையைப் பார்த்தான். "விட்டுட்டேனா? ஆமால்லடா. தீபாவளிக்குக்கூட சாப்பிடலை போலருக்கே"ன்னான். சொல்லிட்டு, "சாம்பாரா ரசமாடா ஊத்துறாங்க"ன்னு கேட்டான்.

எனக்கு அன்னைக்கு இலையில வச்ச சோறு இறங்கலை.

சேதி ஊரெல்லாம் பரவுச்சு. "மனசுய்யா மனசு. ஒரு ஊசி உண்டா, ஒரு மாத்திரை உண்டா. ஆம்பளைன்னா சோணைமுத்து"ன்னு பேச்சு. பூமயில் என் முன்னாடியே சொல்றா, "பெரிய மச்சான் மாதிரி வைராக்கியம் வேணும்"னு. வைராக்கியமாம். அவன் எங்கே விட்டான்? அது அவனை விட்டுருச்சு. வயசாச்சு, உடம்பு ஏத்துக்கலை, தானா கழண்டு போச்சு. நான் பிடுங்கி எறிஞ்சேன், வேரோட, சதையோட. அவனுக்கு உதிர்ந்துச்சு. இதை நான் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொன்னேன். கேட்டவங்க ஒரு மாதிரியா சிரிச்சாங்க.

எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்கிட்டயும் கேட்டேன். "சில பேருக்கு அப்படி நின்னுபோறது உண்டு இருளாண்டி. வயசு கூடக் கூட உடம்பும் தாங்காது, ஆசையும் மாறும். ஆனா அது வரும்னு காத்துக்கிட்டிருந்து செத்துப்போனவங்க நிறைய"ன்னாரு. "அப்ப நானும் காத்திருந்தா எனக்கும் நின்னுருக்குமா சார்?"னு கேட்டேன். "அதை யாரு சொல்ல முடியும்"னாரு. அந்தப் பதிலைத் தூக்கிட்டு வந்து நான் எங்கே வைக்கிறது? அதனாலதான் சொல்றேன், உங்க மாமனாரைக் கூட்டிட்டுப் போயி காட்டுங்க. தானா விடுவாருன்னு காத்திருக்காதீங்க.

சரி. இவ்வளவும் பொறுத்துக்கிட்டேன். சாமி காரியத்துல வந்தான் பாருங்க, அதைத்தான் பொறுக்க முடியலை.

எங்க வகையறாவுக்குக் குலசாமி மடைக்கருப்பு. கண்மாய் மடைக்குப் பக்கத்துல இருக்காரு. வருஷா வருஷம் மாசியில பங்காளிங்க கூடி கிடா வெட்டுவோம். கருப்பருக்குச் சுருட்டும் பாட்டிலும் உண்டு. பாட்டிலை சாமிப்பெட்டி வச்சிருக்கிற வீட்டுல இருந்து கரை மேல நடந்து கொண்டுபோகணும். யாரு கொண்டுபோறதுன்னு ஒரு கட்டு இருக்கு. அந்தக் காலத்துல ஒருத்தன் கலயத்துல சாராயம் தூக்கிட்டுப் போனவன், வழியில பாதியைக் குடிச்சுட்டுக் கண்மாய்த் தண்ணியை ஊத்தி நிரப்பிட்டான். சாமி இறங்குன ஆளு ஒரு வாய் வச்சுட்டுத் துப்பி, "எனக்குத் தண்ணியாடா குடுக்கிறீங்க"ன்னு அரிவாளைத் தூக்கிட்டு நிக்க, கூட்டம் சிதறிருச்சாம். அதுல இருந்து குடிக்கிறவன் தொடக்கூடாது. குடியே தெரியாதவனும் தொடக்கூடாது. அவனுக்கு அது வெறும் பாட்டில்தானே, அவன் குடுக்கிறதுக்கு என்ன இருக்கு? குடிச்சு விட்டவன்தான் தூக்கணும். விட்டதைத்தான் சாமிக்குக் குடுக்கணும். விட்டவன் கைன்னு அதுக்குப் பேரு.

எங்க வகையறாவுல அப்படி ஒருத்தன் கிடைக்கிறது லேசா? நான் விடுறதுக்கு முந்தி கொஞ்ச வருஷம் ஆளே கிடைக்காம, பாட்டிலைக் கிடா கழுத்துல கட்டி ஓட்டிட்டுப் போயிருக்காங்க. சிரிக்காதீங்க, நிசம். நான் வந்தப்புறம்தான் அது மனுசன் கைக்கு வந்துச்சு. வருஷம் பூரா வாயை மோந்து பார்க்கிற ஊரு, அந்த ஒரு நாள் காலையில எனக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்கும். மேளம் எனக்கு முன்னாடி போகும். பூமயில் என் பின்னாடி வருவா.

போன மாசியில ஊர்ப் பெரியாம்பளை, "இப்ப ரெண்டு பேரு இருக்கீங்களேப்பா. சோணைமுத்து மூத்தவன்"னு இழுத்தாரு. "மூத்தவன்னா? விட்டதுல நான்தான் மூத்தவன்"னு சத்தம் போட்டேன். எல்லாரும் அவன் மூஞ்சியைப் பார்த்தாங்க. சண்டைக்கு வருவான்னு நானும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டேன். அவன் பல்லுக்குச்சியை வாயில இருந்து எடுத்துட்டு, "அவனே தூக்கட்டும்யா, எனக்கென்ன வந்துச்சு"ன்னுட்டுப் போயிட்டான்.

நானே தூக்குனேன். மேளம் போச்சு. எல்லாம் நடந்துச்சு. ஆனா ஒருத்தன் வேண்டாம்னு போட்டதைப் பொறுக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு தம்பி.

அதோட விட்டானா? சாமி குடிச்சு மிச்சத்தைப் பிரசாதமா உள்ளங்கையில ஊத்துவாங்க. நான் கண்ணுல ஒத்திட்டுக் கீழே விட்டுருவேன். ஒரு சொட்டு உள்ளே போனா நான் முடிஞ்சேன், அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இவன் கையை நீட்டுனான், வாங்குனான், உறிஞ்சுனான். உறிஞ்சிட்டு மீசையைத் துடைச்சுக்கிட்டு, "கறி வெந்துருச்சா"ன்னு போயிட்டான்.

மாட்டுனான்னு நினைச்சேன். ஒரு சொட்டுப் போதும், திரும்ப இழுத்துரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்துருக்காங்க. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு விழுவான்னு இருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். அதுக்கு மறுநாளும் போனேன். பேத்திக்குப் பம்பரம் சுத்திக்கிட்டிருந்தான். அப்புறம் தினமும் போக ஆரம்பிச்சேன். விளக்கு வைக்கிற நேரம் ஆனா காலு தானா கிளம்பிரும். மழையில போயிருக்கேன். காய்ச்சலோட போயிருக்கேன். வேலை பாதியில கிடக்க, வீட்டுக்காரங்க இருட்டுல உட்கார்ந்திருக்க, நாளைக்கு வந்து மாட்டித் தர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன். போயி அவன் பக்கத்துல உட்கார்ந்து, பேசுற சாக்குல முகர்ந்து பார்ப்பேன். வேர்க்கடலை வாசம்தான் வரும்.

பூமயில் ஒருநாள் சொன்னா, "குடிச்ச காலத்துலயாவது வீடு வந்து சேர்ந்தீங்க"ன்னு. என்ன அர்த்தத்துல சொன்னான்னு தெரியலை. பொம்பளைங்க ஏதாவது சொல்லுவாங்க.

அவன் என்ன நினைச்சான் தெரியுமா? பாசம்னு நினைச்சுட்டான். "வயசான காலத்துல பங்காளிதான்டா பேச்சுத்துணை"ன்னு எனக்குன்னு தனியா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டான். மதினி டீயில எனக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாப் போடும். இதெல்லாம் நான் கேட்டேனா?

இந்தத் தைப்பொங்கல் கழிஞ்சு ஒருநாள். போறேன், நாற்காலி கிடக்கு, ஆளைக் காணோம். வெளிய போனாருன்னு மதினி சொல்லுது. எங்கேன்னு தெரியலையாம். புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனாராம். மாட்டுனடா மவனேன்னு நேரா கடைக்குப் போனேன்.

ஆமா, அந்தக் கடைக்குத்தான். வருஷக்கணக்கா எந்தத் தெருவை ஒதுக்குனேனோ அந்தத் தெருவுல ஓட்டமும் நடையுமாப் போனேன். வாசல்ல நின்னு பார்த்தேன், தெரியலை. உள்ளே பார்ல போயி ஒவ்வொரு மேசையாப் பார்த்தேன். இல்லை. இனிமே வருவான்னு நினைச்சு ஒரு மூலையில உட்கார்ந்தேன். அங்கே எடுபிடி பார்க்கிற பழைய ஆளு, "அண்ணே, எம்புட்டு நாளாச்சு"ன்னு சுண்டலைக் கொண்டாந்து வச்சான். சும்மா உட்கார்ந்திருந்தா எந்திரிக்கச் சொல்லுவாங்க. அதுக்காக ஒண்ணு வாங்கி வச்சேன். வாங்கித்தான் வச்சேன் தம்பி. கண்ணு வாசல்லதான். நாக்குல ஒரு சொட்டுப் படலை. ஒரு விரலை முக்கி மோந்து பார்த்தேன். அது குடிச்சதாகுமா? ஆகாதுல்ல?

எங்க பங்காளி சன்னாசின்னு ஒருத்தன், தினமும் அங்கே கிடக்கிறவன், அவன் என்னைப் பார்த்துட்டான். ஓடிப்போயி என் வீட்டுலயே சொல்லிட்டான். அங்கே யாரு உட்கார்ந்திருக்கா தெரியுமா? இவன். புதுச் சட்டையோட. "தம்பியே தினம் நம்ம வீட்டுக்கு வர்றான், இன்னைக்கு நாம போவோம்"னு அதிரசம் வாங்கிட்டு வந்திருக்கான். நான் அவனைத் தேடிப் போன நேரம் அவன் என்னைத் தேடி வந்திருக்கான். நான் வீடு திரும்புனப்ப பூமயில் மோந்து பார்க்கக்கூட வரலை. விரல்லதான் வாசம் இருந்துச்சு. அது போதாதா.

மாசி வருதுல்ல, கோயில் வாசல்ல பங்காளிங்க கூடுனாங்க. சாமி பாட்டில் இனிமே இருளாண்டி கைக்குக் கிடையாதுன்னு பேச்சு. எனக்குக் கோபம் பொறுக்கலை. "சூடத்தை ஏத்துங்கடா, அணைச்சு சத்தியம் பண்றேன்"னேன். கருப்பர் முன்னாடி சூடம் அணைச்சா எங்க ஊருல அதுக்கு மேல பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம்னா குடும்பமே விளங்காது. அதனால எவனும் துணியமாட்டான். ஏத்துனாங்க. கையை ஓங்கிட்டேன். அந்த நேரம் பார்த்து இவன் பாய்ஞ்சு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"வேண்டாம்டா இருளா. சாமிகிட்ட வச்சுக்காதே. பிள்ளை குட்டி இருக்கு"ன்னான்.

"விடுண்ணே, நான் குடிக்கலை"ன்னேன்.

"சரிப்பா, குடிக்கலை. குடிக்கலை"ன்னு சின்னப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டே கையை விடலை. சூளையில மண்ணு மிதிச்ச உடம்பு, நான் எங்கே திமிர்றது? சூடம் தானா எரிஞ்சு அணைஞ்சு போச்சு. இருந்த ஒரு வழியும் போச்சு.

அதுக்கப்புறம் அவன் பேசுனான் பாருங்க. கூட்டத்தைப் பார்த்துச் சொல்றான்: "நான் எங்கேய்யா விட்டேன்? வயசாச்சு, அது என்னை விட்டுட்டுப் போயிருச்சு. விட்டவன் இவன்தான். நாள் தவறாம சண்டை போட்டு நின்னான். இன்னைக்குச் சறுக்கிட்டா அவன் பட்டதெல்லாம் இல்லேன்னு ஆயிருமா? இந்த வருஷம் மட்டும் அவன் பேருக்கு நான் தூக்குறேன். வைத்தியம் பார்த்துட்டு வந்து அடுத்த வருஷம் அவன் தூக்குவான்."

எல்லாரும் அழுதுட்டாங்க தம்பி. பெரியாம்பளை துண்டால கண்ணைத் துடைக்கிறாரு. பூமயில் விம்முறா. "என்ன மனசுய்யா இந்த மனுசனுக்கு"ன்னு ஒரே பேச்சு.

அது நான் சொன்ன வார்த்தை. ஒரு வருஷமா ஒவ்வொருத்தன்கிட்டயும் நாயாக் கத்துனேனே, அவன் விடலை, அது அவனை விட்டுச்சுன்னு, அதே வார்த்தை. நான் சொன்னப்ப பொறாமைன்னாங்க. அவன் சொன்னதும் பெருந்தன்மைன்னுட்டாங்க. இருளாண்டி விட்டதுதான் பெருசுன்னு ஒரு வாய் சொல்லக் கேக்க மாட்டோமான்னு எத்தனை வருஷம் ஏங்குனேன். சொன்ன வாய் எதுன்னு பார்த்தீங்களா?

அதான் இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறான். ரத்தம் எடுத்துப் பார்ப்பாங்க. ஒண்ணும் இருக்காது. சுத்தம்னு டாக்டர் சொன்னா முதல்ல சந்தோஷப்படுறது இவனாத்தான் இருக்கும். போனைப் போட்டு ஊருக்கு இவன்தான் சொல்லுவான். பங்காளி மானத்தைக் காப்பாத்துனவன்னு பேரு வாங்குவான். ஒருவேளை சுத்தமில்லேன்னு வந்தா, கைவிடாம வைத்தியம் பார்த்தவன்னு பேரு வாங்குவான். நான் குடிச்சாலும் அவனுக்குப் பேரு, குடிக்காட்டியும் அவனுக்குப் பேரு.

ரிங் ரோடு திரும்பிருச்சா. இறங்கப் போறோம். நீங்க எங்க ரெண்டு பேருக்குமே அந்நியம், அதனால கேக்குறேன், மனசாட்சியோட சொல்லுங்க. யாரு விட்டது பெருசு? ரெண்டும்தான்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.

யோசிச்சுச் சொல்லுங்க. அந்தா, முழிச்சுக்கிட்டான். பாருங்க, ஒரு கொட்டாவி, அவ்வளவுதான். ஸ்டாண்டு வர்றப்ப கரெக்டா முழிப்பு வந்துருது அவனுக்கு. எல்லாமே அப்படித்தான்.

இந்தா வர்றேண்ணே.

மேல இருந்து ரெண்டு பையையும் எடுத்துட்டான் பார்த்தீங்களா? ஒண்ணு என்னுது. மாத்து வேட்டி, ஆஸ்பத்திரியில குடுத்த பழைய சீட்டு எல்லாம் அதுலதான் இருக்கு.

அண்ணே, அதைக் குடு. கனமெல்லாம் ஒண்ணுமில்லை, நான் தூக்கிக்கிறேன். என் பைண்ணே அது. எனக்கு ஒண்ணும் முடியாமப் போகலை. குடுன்னா குடு.

குடுத்துட்டான். பார்த்தீங்களா தம்பி, மறுபேச்சுப் பேசாம குடுத்துட்டான்.